நூற்று முப்பதாவது கிலோமீட்டர்

அரிசி நான்கு மணிக்கே எழுந்துவிட்டது.
ஔடநார்ட விடுதியின் சமையலறையில்
அதற்கும் எனக்கும் மட்டும்தான் விளக்கு.

பருக்கை பருக்கையாக நின்றால் ஆகாது,
குழைய வேண்டும்.
பாலாடைக்கட்டி, வாதுமைப் பொடி, பாதாமி ஜாம்,
உப்பு ஒரு சிட்டிகைக்குக் கொஞ்சம் கூட.
தட்டில் தட்டி, ஆறவிட்டு,
தீப்பெட்டியைவிடச் சற்றே பெரிதாக வெட்டி
வெள்ளித்தாளில் மடிக்கிறேன்.
ஒரு மூலையை மட்டும் தளரவிட வேண்டும்.
ஏப்ரல் மழையில் விரல் மரத்தவனுக்குப்
பல்தான் கை.

ஏழு மணிக்கு மேசை.
கெண்ட் நகரத்து அலுவலகத்திலிருந்து டீடெரிக்
அட்டவணை அனுப்பியிருக்கிறார்.
முன்: மூன்று மணி நேரம். ஓட்ஸ், இத்தனை கிராம்.
பின்: அரை மணி நேரத்துக்குள். புரதம், இத்தனை கிராம்.
இடையில் கிடக்கும் இருநூற்றுச் சொச்சம் கிலோமீட்டருக்கு
ஒரு மெல்லிய கோடு.
பை கட்டுகிறவள் என்ன தின்றாள் என்று
எந்தக் கட்டத்திலும் இல்லை.
கறுப்புக் காப்பி, நின்றபடி.

செப்பே தட்டைப் பார்க்கிறான்.
தட்டு செப்பேயைப் பார்க்கிறது.
முதல் பெரிய பந்தயம், தொண்டையில் முடிச்சு.
ஓட்ஸைக் கரண்டியால் ஓரம் ஓரமாக ஒதுக்கித்
தின்றதுபோல் காட்டுகிறான்.
எனக்குத் தெரிகிறது. சொல்லவில்லை.
சட்டையின் முதுகுப் பையில்
இரண்டு பொட்டலம் கூடுதலாகத் திணிக்கிறேன்.

நூற்று முப்பதாவது கிலோமீட்டர்.
மாட்டுக்கொட்டிலுக்கு எதிரே, சேற்றில், நான்.
தோளில் மூன்று பை, நீட்டிய கையில் ஒன்று.
முதலில் சத்தம்தான் வருகிறது,
ஆயிரம் சீட்டுக்கட்டை ஒரே நேரத்தில் கலைப்பதுபோல்.
பிறகு நிறங்கள்.
யோரிட் பிடுங்கிய வேகத்தில்
தோள்மூட்டு ஒருமுறை ‘ஏன்?’ என்று கேட்டது.
வார்ட் எடுத்தான்.
டேனிஷ்காரன் தோர்கில் எடுத்தான்,
புட்டியை உருவிக்கொண்டு
பையைப் புல்லில் வீசிவிட்டுப் போனான்.

நான்காவது பை கையிலேயே.
அணிக் கார்கள் போயின. ஆம்புலன்ஸ் போனது.
காலிப் புட்டி பொறுக்க நின்ற பையன்களும் போனார்கள்.
மாடு ஒன்று என்னையே பார்த்துக்கொண்டிருந்தது.
கடைசியாக,
விலகியவர்களை அள்ளிவரும் வேன்.
அதன் ஆவி படிந்த கண்ணாடியில்
ஒரு நெற்றி.

“திடீர்னு யாரோ சுவிட்சை அணைச்ச மாதிரி, மாக்டெல்ட்.
மேடுகூட இல்ல. சமதரை.”
“தின்னியா?”
“பசிக்கவே இல்ல.”

பசிக்காது.
இந்தத் தொழிலில் பசி
காரியம் முடிந்தபின் வந்து சேரும் தந்தி.

போர்வைக்குள்ளிருந்து கேட்டான்,
“அட்டவணைல ‘பின்’னு ஒண்ணு இருக்கே.
முடிக்காதவனுக்கும் அது உண்டா?”

கிராம் கணக்கில் இதற்கு விடை இல்லை.
தெருமுனையில் உருளை வறுவல் வண்டி.
பெரிய கூம்பு ஒன்று,
மயோனீஸ் தனியே வேண்டாம், மேலேயே ஊற்றுங்கள் என்றேன்.
டீடெரிக் பார்த்தால் என் சீட்டு கிழியும்.
செப்பே முதல் துண்டை ஊதாமலே வாயில் போட்டான்.
நாக்கு சுட்டது. திட்டினான். இன்னொன்று எடுத்தான்.
கூம்பின் அடித்தாள் எண்ணெயில் ஊறித் தெரியும்வரை
யாரும் பேசவில்லை.

இரவு, துவைக்கக் கிடந்த சட்டைகள்.
அவன் சட்டையின் முதுகுப் பையில் கைவிட்டேன்.
கொடுத்தனுப்பிய அத்தனையும் இருந்தன.
மடிப்புக் கலையவில்லை.
நசுங்கி, முதுகின் வளைவை மட்டும்
வாங்கிக்கொண்டிருந்தன.

சலவை இயந்திரம் சுற்றத் தொடங்கியது.
தளரவிட்ட மூலையைப் பல்லால் இழுத்து
ஒன்றைத் தின்றேன்.
பிறகு இன்னொன்று.

உப்பு சரியாகத்தான் போட்டிருக்கிறேன்.